பின் சீட்டின் எடை

எத்தனை பேர் ஏறுவீர்கள் என்று அந்த மனுசன் கேட்காமல் இருந்திருக்கலாம், ஆனால் வண்டி விற்கிறவர் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள், கேட்க வேண்டிய கேள்விதானே, லோடு என்றால் ஏறுகிற ஆளையும் சேர்த்துத்தான் லோடு, ஓட்டுகிறவன் என்ன காற்றால் செய்தவனா என்று சங்ககிரியில் அப்பா லாரிக்குப் பக்கத்தில் நின்று சொல்லாத நாளில்லை. கோகிலா குல்லாவைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு புருசனைப் பார்த்தாள். பரணி வெள்ளை வண்டியின் முன்சக்கரத்தருகே குத்தவைத்து அடியில் எதையோ எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். கேட்டது அவன் காதில் விழுந்துவிட்டது. விழுந்தும் விழாத மாதிரி இருக்கும்போது அவன் பின்கழுத்து ஒரு மாதிரி விறைத்துக்கொள்ளும், கல்யாணமான நாளாகப் பார்க்கிற கழுத்து, அது அவளிடம் பொய் சொல்லாது. "எத்தினை பேர், தங்கச்சி? பிள்ளையும் இருக்கெண்டு சொன்னனீங்கள் என்ன?" என்று குகதாசன் மறுபடி கேட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், இந்தக் கனடாக் குளிரில் முப்பது வருசம் வண்டி விற்றும் அவர் பேச்சில் மட்டும் இன்னும் வெயில் அடித்தது. "ஆமாங்ணா, பொண்ணு ஒருத்தி, ஒண்ணாங் கிளாஸ் போறா, இப்ப பள்ளிக்கூடத்துல இருப்பா" என்று கோகிலா சிரித்தாள். கேட்டதற்கு இது பதில் இல்லை. ஆனால் இதில் பொய்யும் இல்லை. வாய் எப்படித்தான் தானாகச் சிரிக்கிறதோ, உள்ளே அடுப்பு அணைந்து கிடக்கும்போதும் வாசல் விளக்கு மட்டும் எரிகிற வீடு மாதிரி.

இரண்டு வாரத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் மூணு பேர் என்று சொல்லியிருப்பாள், யோசிக்காமல், மூணு பேருங்ணா, அதோட ரெண்டு ஸ்னோமொபைல் என்று. பனி மேல் ஓடுகிற வண்டி, முன்னால் இரண்டு சறுக்குக் கட்டை, பின்னால் அகல ரப்பர்ப் பட்டை, பாப்பா அதற்குப் பனிபைக் என்று பேர் வைத்திருக்கிறாள். பரணி வேலை பார்க்கிற கேரேஜில் ரிப்பேருக்கு வந்து, சொந்தக்காரன் மீட்காமல் விட்டுப்போன இரண்டை அவன் வாங்கி, ஒரு கோடை முழுக்கப் பிரித்துப் பிரித்துப் பூட்டினான். வடக்கே ஏரிகள் உறைந்ததும் ஊர்ப்பட்ட ஜனம் பனியில் துளை போட்டு மீன் பிடிக்க வருமாம், அவர்களை ஏரி நடுவுக்குக் கூட்டிப்போகக் கூலி உண்டாம், ஒரு ஏரி இல்லாவிட்டால் இன்னொரு ஏரி, அதனால் இரண்டையும் முதுகில் ஏற்றிக்கொண்டு போக பின்னால் திறந்த பெட்டி உள்ள ஒரு பிக்கப் வேண்டும். இதெல்லாம் சரிதான். நல்ல யோசனைதான் என்று முதலில் கை தட்டினவளே அவள்தான். அங்கேயும் பள்ளிக்கூடம் இருக்குமில்ல மாமா என்று கேட்டாள், துவைத்த துணியை மடித்துக்கொண்டு, பாப்பாவின் காலுறையில் ஜோடி தேடிக்கொண்டு. அவன் ஃபிரிட்ஜின் மேல் சாய்ந்து நின்றிருந்தான். "நான் மட்டும் போறேன் கோகி" என்றான். "செலவுக்கு அனுப்பிருவேன். ஆனா திரும்பி வருவேன்னு நெனச்சுட்டு நீ இருக்க வேண்டாம்." ஒற்றைக் காலுறை அவள் கையில் இருந்தது. ஜோடியைத் தேடிக்கொண்டேயிருந்தாள், அது கூடையிலேயே இல்லையென்று தெரிந்தபிறகும். வேற ஆராச்சும் இருக்காங்களா என்றாள். இல்லை என்றான். கழுத்து விறைக்கவில்லை. எம்மேல கோவமா என்றாள். அதுவும் இல்லை. "நீ நல்லவதான் கோகி. எதுவந்தாலும் சிரிச்சுட்டே தாண்டிப் போயிடற. அதப் பாக்கப் பாக்க எனக்கு என்னமோ பண்ணுது."

என்னமோ பண்ணுது. என்னதான் பண்ணுமாம். கோவமென்றால் சண்டை போடலாம், ஒரு தட்டை உடைக்கலாம், பொம்பளை விசயமென்றால் ஊருக்கு போன் போட்டு மாமியாரிடம் ஒப்பாரி வைக்கலாம், என்னமோ பண்ணுவதற்கு யாரிடம் போய் என்ன மருந்து கேட்பது. சிரிக்காமல் இருந்து பார்த்தாள், இரண்டு நாள். பாப்பா அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்து, காய்ச்சலாம்மா என்றாள். மூன்றாம் நாள் அவன்தான் வந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி, காப்பி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "சனிக்கெழம வண்டி பாக்கப் போறேன், நீயும் வந்து ஒரு பார்வை பாரு, லோடு விசயத்துல உன்னைய மாதிரி ஆரும் சொல்ல மாட்டாங்க" என்றான். பாப்பாவுக்கு சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடம், அதுவும் தோதுதான் என்றான். விட்டுப்போகிறவன் போகிற வண்டியைப் பொறுக்கித் தரச்சொல்லிப் பொண்டாட்டியைக் கூப்பிட்ட கதை எந்த ஊரிலாவது உண்டா. கூப்பிட்டால் வருகிறவள்தான் எந்த ஊரிலாவது உண்டா. வந்ததுமில்லாமல், டொராண்டோவிலிருந்து ஒரு மணி நேர ஓட்டம், வழியில் பசிக்குமே என்று தக்காளி சோறு கட்டி, மேலே அப்பளம் நொறுங்காமல் தனி டப்பாவில் வைத்து எடுத்து வந்திருக்கிறாள். அவன் அப்பளத்தைக் கடித்துக்கொண்டே நல்லா இருக்குது என்றான்.  அவள் சாப்பிடவே இல்லை.

"இஞ்சை வாங்கோ, உள்ளுக்கு ஏறிப் பாருங்கோ, என்ன வடிவான வாகனம்" என்று குகதாசன் வெள்ளை வண்டியின் பின்கதவைத் திறந்து பிடித்தார். ஏறினாள். வெளியே காற்று தகரத்தை அறைவது நின்று சட்டென்று அமைதி. தோல் சீட்டு, மேலே திறந்து மூடுகிற கண்ணாடிக் கூரை, காலை நீட்டினால் முன்சீட்டில் இடிக்கவில்லை, புதுச்செருப்புக் கடை வாசம். பிள்ளை சீட்டைப் பூட்டுகிற கொக்கி எங்கே என்று கை தானாகத் தேடியது, சீட்டு இடுக்கில் விரலை விட்டால் இரும்பு சில்லென்று தட்டுப்பட்டது, இருக்கிறது, இரண்டு பக்கமும் இருக்கிறது. இதில் பாப்பா ஜன்னலோரம் உட்காருவாள், கையுறையைக் கழற்றிக் கீழே போடுவாள், எடுத்துக்கொடுத்தால் மறுபடி போடுவாள், நீ அடி வாங்கப்போற என்று முன்னாலிருந்து பரணி சொல்லுவான், சொல்லுவானே தவிர ஒருநாளும் அடித்ததில்லை. ஒரு வெள்ளிக்கிழமை சாயந்தரம் இந்த வண்டி அபார்ட்மெண்ட் வாசலில் வந்து நிற்கும். அவன் ஏறுங்க என்பான். நாலு கதவு இருக்கிற வண்டியைக் காலியாக ஓட்டிக்கொண்டிருக்க ஒரு மனுசனால் எத்தனை நாள் முடியும், பின்னால் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் காலி சீட்டு, அது கேட்காதா, கேட்கும், இவள் வாய் திறந்து கேட்கமாட்டாததை அது கேட்கும். "பிள்ளை இதிலை நல்லா நித்திரை கொள்ளும்" என்றார் குகதாசன். பரணி தலையை உள்ளே நீட்டி, சீட்டை ஒரு தட்டுத் தட்டி, "நல்லாத்தான் இருக்குது. பாப்பா வந்தா போனா ஒக்காந்துக்குவா" என்றான்.

வந்தா போனா. வீட்டுக்கு வந்துபோகிற ஒறம்பரைக்குச் சொல்கிற வார்த்தை. வந்தா போனா ஒரு பாய் எச்சா இருக்கட்டும், வந்தா போனா ரெண்டு டம்ளர் வாங்கி வை. ஆனாலும் அந்த வார்த்தையைக் கோகிலா கீழே விடவில்லை, வந்தா என்பதில் வருவதும் இருக்கிறதே, வரவே வேண்டாம் என்று அவன் சொல்லவில்லையே என்று அதையே பிடித்துக்கொண்டு இறங்கினாள். இறங்கும்போதுதான் கதவு இடுக்கில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் கண்ணில் பட்டது. ஆளும் சுமையும் சேர்த்து இவ்வளவுதான் என்று எல்லா வண்டிக் கதவிலும் ஒட்டியிருப்பதுதான், அதைப் படிக்க ஒன்றும் காலேஜ் போக வேண்டியதில்லை. அறுநூற்றுச் சொச்சம் கிலோ. கண்ணாடிக் கூரையும் தோல் சீட்டும் நாலு கதவும் சும்மா வருமா, எல்லாம் எடைதான், தன் அலங்காரத்தையே தூக்கிக்கொண்டு நிற்கிற வண்டி அப்புறம் ஊரான் சுமையை எப்படித் தூக்கும், நகை கனத்தில் குனிய முடியாத கல்யாணப் பொண்ணு மாதிரி. ஸ்னோமொபைல் இரண்டு, பெட்ரோல் ஊற்றினால் ஐந்நூறைத் தாண்டும். இரண்டையும் பக்கம் பக்கமாக நிறுத்தப் பின்பெட்டிக்கு மேல் போடுகிற அலுமினியத் தட்டு ஒன்று தனி. அதிலேயே தீர்ந்துபோச்சு, பரணி இன்னும் ஏறவே இல்லை. பெட்ரோல் கேன், டூல்ஸ் பெட்டி, கூட வருகிற மீன்காரன் ஒருத்தன். போகிற எடை வேறு, வருகிற எடை வேறு. ஏரியில் ஓடித் திரும்பும்போது அடியெல்லாம் பனி அப்பிக் கட்டி கட்டியாக உறைந்திருக்கும், அதைத் தட்டியா ஏற்றப்போகிறான், விரல் விறைத்துப்போன நேரத்தில். நனைந்த லோடு. நனைந்த லோடைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

கல்யாணத்துக்கு முன்னால் ஒருநாள் அப்பாவின் லாரி கோழித்தீவன மூட்டை ஏற்றிப்போயிற்று. ஏற்கெனவே பாரம் எச்சு, வழியில் தார்ப்பாய் கிழிந்து மழை உள்ளே இறங்கி, மூட்டையெல்லாம் குடித்துக் குடித்துக் கனத்துவிட்டது. அதற்கெல்லாம் அப்பாவிடம் ஒரே வைத்தியம்தான், ஊரே செய்த வைத்தியம், பின்பக்கம் ரெண்டு பட்டை எச்சாப் போடு. வில்லு மாதிரி வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டினால் வண்டி எவ்வளவு ஏற்றினாலும் உட்காராது, ஜம்மென்று நிற்கும். நிற்கிறது சரி. நிறுத்துகிறது? பட்டையை எச்சாப் போட்டவர்கள் பிரேக்கை எச்சாப் போட்டார்களா. மலை இறக்கத்தில் டிரைவர் மாரப்பண்ணன் மிதித்தார் மிதித்தார் வண்டி கேட்கவில்லை. எழவுக்கு வந்த கூட்டத்தில் ஒருவர் பாக்கி இல்லாமல், பட்டை ஒண்ணுகூட ஒடையலீங்க, அப்படியே முழுசா இருக்குது பாருங்க என்றார்கள். பெருமையாகச் சொன்னார்கள். மாரப்பண்ணன் பொண்டாட்டி அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த உட்காரலைக் கோகிலா அதற்குப்பிறகு எந்த மனுசியிடமும் பார்த்ததில்லை. பட்டையை அடித்துக் கட்டியது ரோட்டோரப் பட்டறையில் பரணியின் அப்பா. அது ஒன்றும் குத்தமில்லை, எல்லாரும் கட்டியது, எல்லாரும் ஏற்றியது, அடுத்த வாரமே இரண்டு வீட்டுக்கும் சம்பந்தப் பேச்சு நடந்தது. பொண்ணு பார்க்க வந்த அன்றைக்குப் பரணி அவளைப் பார்த்ததைவிட வாசல் மேட்டில் ஏற்றி நிறுத்திய இன்னொரு லாரியின் அடியைத்தான் எச்சாப் பார்த்தான். அவளுக்கு அதுதான் பிடித்தது. பல்லிளித்துக்கொண்டு நிற்காமல் வேலைக்காரனாக ஒருத்தன். இன்றைக்கும் அடியைத்தான் பார்க்கிறான்.

"பட்டை கொஞ்சம் மெலிசு" என்று பரணி எழுந்து முழங்காலைத் தட்டினான். "பரவால்ல. கேரேஜ்ல வெச்சு ரெண்டு எச்சாப் போட்டுக்கறேன். அப்பறம் ஸ்டிக்கராவது ஒண்ணாவது, அதெல்லாம் பயந்தாங்கொள்ளிக்கு ஒட்டறது." சொல்லிவிட்டு அவளைப் பார்த்துச் சிரித்தான், ஊர்க்காரனாக, நமக்குத் தெரியாததா என்கிற சிரிப்பு. எவ்வளவு நாளாயிற்று இந்தச் சிரிப்பைப் பார்த்து. கம்முனு இருந்துவிட்டால் போதும். ஆமாங்க மாமா, போட்டுக்கலாம் என்று ஒரு வார்த்தை, இல்லை அதுகூட வேண்டாம், ஒரு தலையாட்டல், வெள்ளை வண்டி அவனுடையது, நாலு கதவும் பின்சீட்டும் கொக்கி இரண்டும். பிரேக் பிடிக்கிற வண்டிதான், புது வண்டி, எதற்கு எடுத்ததும் கெட்டதை நினைக்க வேண்டும், எல்லாரும் என்ன ஸ்டிக்கர் படித்தா ஏற்றுகிறார்கள். ஆனால் இங்கே இறக்கம் மட்டுமா, ரோடே கண்ணாடியாக உறைகிற ஊர், முன்னால் ஒரு மான் குறுக்கே வந்தால் மிதிப்பான், கேட்காது, முதுகில் நனைந்த லோடு தள்ளும். யாரோ ஒருத்தர் இவளுக்கு போன் போடுவார்கள். இல்லை, இவளுக்கு ஏன் போடுவார்கள், இவள் யார் அப்போது. அதுதான் அவளை அசைத்துவிட்டது, அவன் சாவதைக்கூட மனசு ஒரு ஓரமாகத் தாண்டிப்போய்விட்டு, சொல்ல ஆளில்லாமல் போவதில் வந்து மாட்டிக்கொண்டு நின்றது. ச்சீ என்று தன்னையே வைதாள். ஒரு பின்சீட்டுக்காக ஒரு உசுரை எடை போடுகிறாயே கோகிலா.

"இது தாங்காது மாமா" என்றாள்.

"அதான் பட்டை..."

"பட்டை தூக்கும். பிரேக் ஆரு போடுவா, உங்கப்பனா?" கேட்டுவிட்டு அவளே திடுக்கிட்டாள்.  மாரப்பண்ணன் பரணிக்கும் தெரிந்தவர்தான். குகதாசன் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கதவு ஸ்டிக்கரைக் குனிந்து வாசித்தார். "தங்கச்சி சொல்லுறது சரி, தம்பி. நீங்கள் ஏத்தப்போற பாரத்துக்கு நான் இதை வித்தனெண்டால் எனக்கு நித்திரை வராது. அந்தச் சாம்பல் நிறம் நிக்குது பாருங்கோ, ரெண்டு கதவு, முன்னுக்கு ரெண்டே சீற், வேற ஒரு சோடினையும் இல்லை, ஆனா இதைப்போல ரெண்டு மடங்கு தூக்கும்." பிறகு அவருக்கே மனம் கேட்காமல், "பிள்ளைக்கும் இடம் வேணுமெண்டால் இதிலையே பெரிய சாதி, நாலு கதவு, அதுவும் நல்லாப் பாரம் தூக்கும். இப்ப என்னட்டை இல்லை. ஓடர் குடுத்தால் மாசியிலை வந்திடும்" என்றார்.

மாசி. கோகிலாவுக்கு உடம்பெல்லாம் ஒரு சூடு பரவிற்று. இப்படி ஒன்று இருக்கிறதா, பாரமும் தூக்கி ஆளையும் ஏற்றுகிற வண்டி, கேட்டால் வந்துவிடும், மாசிதானே, கார்த்திகை மார்கழி தை என்று மூன்று மாசம் இந்தா என்பதற்குள் ஓடிவிடும், அதுவரைக்கும் அவன் வீட்டிலேயே இருப்பான், அதே காப்பி டம்ளர், பொங்கல் வந்துவிடும் நடுவில், பாப்பாவுக்குப் பல் ஆடிக்கொண்டிருக்கிறது, அதுவும் விழுந்துவிடும், அவன் பார்ப்பான், மூன்று மாசத்தில் ஒரு மனுசனுக்கு என்னமோ பண்ணுவது நின்றுபோகாதா, எத்தனையோ நோவு தானாக நின்றிருக்கிறது. மாசிக்கே சொல்லிடலாமுங்ணா என்று வாயெடுக்கத்தான் போனாள்.

"இல்லீங்ணா" என்றான் பரணி. யோசிக்கவே இல்லை, அவர் சொல்லி முடித்த மூச்சு அடங்குமுன் சொன்னான். "மாசி வரைக்கும் இருக்க முடியாது. இந்த மாசமே கெளம்போணும்." சொன்ன வேகம் அவனுக்கே உறைத்திருக்க வேண்டும், தரையைப் பார்த்துக்கொண்டு பூட்ஸ் நுனியால் ஒரு பனிக்கட்டியை உருட்டினான். கோகிலா அவன் கழுத்தைப் பார்த்தாள். விறைக்கவே இல்லை, சால்வைக்கும் தலைமயிருக்கும் நடுவே சாதாரணமாக, இளகிப்போய் இருந்தது. துணி மடித்துக்கொண்டிருந்த அன்றைக்கு இவள் கேட்டது காதால்தான். இப்போதுதான் எலும்பில் இறங்குகிறது. ஏரி உறைவதற்கே இன்னும் நாளிருக்கிறது, இந்த மாசம் அங்கே போய் அவன் ஓட்டப் பனியே இருக்காது. அவன் ஏரிக்கு அவசரப்படவில்லை.

"அந்தச் சாம்பல் வண்டியே எடுத்துக்கலாமுங்ணா" என்றாள் கோகிலா.

"எடுக்கலாம், நல்ல சாமான். ஆனா தங்கச்சி, பிள்ளையை எங்கை இருத்துவியள்?"

பரணி நிமிர்ந்து பார்த்தான். சொல்லிடாதே என்று கெஞ்சுகிற பார்வையா, நீயே சொல்லிவிடு என்கிற பார்வையா, முன்பு என்றால் சொல்லியிருப்பாள், இப்போது அவன் முகம் அவளுக்கு வேற்றூர்ப் பஸ் பலகை மாதிரி இருந்தது. "பாப்பா இதுல ஏற மாட்டாளுங்ணா" என்றாள். "நானுந்தான். இவரு ஒருத்தரு மட்டுந்தான்."  குகதாசன் பெரிய மனுசர், மேற்கொண்டு கேட்காமல், திறப்பு எடுத்துக்கொண்டு வாறன் என்று சாவி எடுக்க ஆபீஸ் பக்கம் நடந்தார். "கோகி" என்றான் பரணி. "குளுருது மாமா, போயி எழுதற வேலையப் பாருங்க. நான் ஒருதரம் ஏறிப் பாத்துட்டு வர்றேன்" என்றாள்.  அவன் போனான்.

சாம்பல் வண்டிக்கு உள்ளே கண்ணாடிக் கூரை இல்லை, தோல் இல்லை, முதுகுக்குப் பின்னால் ஒரு சாணில் சுவர். பட்டை தடிமன், பிரேக் தட்டு அகலம், ஏறுவதற்கு முன்னால் குனிந்து அதையும் பார்த்துவிட்டுத்தான் ஏறினாள், பார்க்காமல் இருக்க முடியவில்லை. டிரைவர் சீட்டு யாரோ குள்ள ஆள் ஓட்டிவிட்டுப்போன மாதிரி முன்னால் இழுத்துக் கிடந்தது, அவளுக்கே சரியாக இருந்தது. பரணிக்கு முழங்கால் இடிக்கும். அவன் மாற்றிக்கொள்ள மாட்டான், வாங்கின செருப்பு கடித்தாலும் பழகிடும் என்று நடக்கிற ஆள், இடது காலில் நோவு வந்தபிறகு இரவு எண்ணெய் தேடுவான், எண்ணெய் எந்த அலமாரியில் என்று அங்கே யார் சொல்வது. கோகிலா அடியில் இருந்த கம்பியை இழுத்து சீட்டைப் பின்னால் தள்ளினாள், அவன் கால் நீளத்துக்கு, அது அவளுக்கு அளக்காமல் தெரியும், பேண்ட் மடித்துத் தைத்த கை. சீட்டின் முதுகை ஒரு பல் சாய்த்தாள், அவன் நிமிர்ந்து உட்கார மாட்டான். ஸ்டியரிங்கை ஏற்றினாள். கடைசியாக நடுக்கண்ணாடியைப் பிடித்தாள். அவன் கண் எந்த உயரத்துக்கு வரும் என்று வெறும் இடத்தில் கையை வைத்துப் பார்த்து, அந்தக் கைக்குத் தெரிகிற மாதிரி கண்ணாடியைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே திருப்பினாள், ஒருதரம் எக்கி, பின்ரோடு முழுசாகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டாள், தெரிந்தது. எக்கிய உடம்பைத் தளர்த்திச் சீட்டில் உட்கார்ந்தபோது, பெடல் அவள் காலுக்கு எட்டவில்லை, கண்ணாடியில் அவள் முகமும் இல்லை, பின்னால் வருகிற ரோடும் இல்லை, வண்டிக் கூரையின் சாம்பல் துணி மட்டும் ஒரு துண்டு தெரிந்தது.